இரண்டு பாட்டில் நீரா

அத்தியாயம் 6

செம்பூர் ஸ்டேஷன் வாசலில், இனிப்பான பனஞ்சாறு விற்கிற சர்க்கார் நீரா ஸ்டாலுக்கு எதிரே, காலை ஏழு மணிக்கு ஒருத்தன் சும்மா நின்றால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் நயினார் நீரா குடித்தான். மூன்றாவது கிளாஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"போறும்," என்றாள் அபயாம்பாள். "நாம ஒருத்தன் பின்னாடி போக வந்திருக்கோம். நீ பாதி வழியில ஒதுங்க இடம் தேடிண்டு நிக்கப்படாது."

"வேஷத்துக்காகக் குடிக்கேன் மாமி. எனக்கா ஆசை?" என்று சொல்லிவிட்டு நயினார் நான்காவது கிளாஸை வாங்கிக்கொண்டான்.

அபயாம்பாள் இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து பம்பாய்க் கதை முழுக்கக் காதில் வாங்கியவள். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. வேலையை விட்டபிறகு அதே காதை வைத்துக்கொண்டு மாட்டுங்காவில் கல்யாண விசாரணை நடத்துகிறாள். பையன் நல்லவனா, உத்தியோகம் நிஜமா, ஊரில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளா, இந்த மாதிரி சமாச்சாரங்கள். அவளுக்கு உதவிக்கு ஒரே ஆள் நயினார். தாராவிக்காரன், முப்பது வயது, சோடா கம்பெனியில் ஏழு வருஷம் பாட்டில் கழுவினவன். கம்பெனிக்காரர் அவன் வாய் தாங்காமல் அனுப்பிவிட்டார். அபயாம்பாள் தாங்குகிறாள்.

இந்தக் கேஸைக் கொண்டுவந்தவர் ஏசுதாஸ். மாட்டுங்கா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிற கூட்ஸ் ஆபீஸ் ஹெட்கிளார்க். தாராவித் தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலின் மதுவிலக்குச் சங்கத் தலைவரும் அவர்தான். மகள் செல்வமேரிக்கும் அமிர்தநாதன் என்கிற லேத் பட்டறைப் பையனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் கோயில் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று சபைக்கு முன்னால் வாசிப்பது. இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது ஓலை நாளை ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு கார்டு வந்து சேர்ந்தது.

"ஐயா, உமது மகளுக்கு நிச்சயித்திருக்கும் அமிர்தநாதன் சனிக்கிழமைதோறும் இரண்டு பாட்டில் கள் கொண்டு போகிறான். மூன்றாம் ஓலைக்கு முன் யோசிக்கவும்."

கையெழுத்து இல்லை. பேர் இல்லை. எழுத்து ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு.

ஊரே மதுவிலக்கில் இருந்த 1962ஆம் வருஷம் அது. கையில் கள் பாட்டிலோடு ஹவல்தாரிடம் மாட்டினால் ஜெயில். ஏசுதாஸுக்கு ஜெயில் பெரிய விஷயமில்லை, கள்தான் பெரிய விஷயம். "அவன் குடிகாரன்னு தெரிஞ்சா நாளைக்கு நானே எந்திரிச்சு நின்னு ஆட்சேபணை சொல்லுவேன்," என்று அபயாம்பாளிடம் சொல்லியிருந்தார். "மகள்ட்ட இதப்பத்தி மூச்சு விடல. நீங்களும் அவகிட்டப் பேசக் கூடாது. அவளுக்கு அவன்மேல உசிரு. மனசு ஒடைஞ்சிரும்."

"வந்துட்டான்," என்றாள் அபயாம்பாள்.

அமிர்தநாதன் திலக் நகர்ப் பக்கமிருந்து வந்தான். இருபத்தேழு வயது, காக்கி பேன்ட், எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. பையிலிருந்து இரண்டு காலி பாட்டிலை எடுத்து நீட்டினான். ஸ்டால்காரன் நிரப்பிக் கொடுத்தான். கார்க் போடாமல் சுத்தமான துணியைச் சுருட்டி வாயில் அடைத்து, பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தான். ஒரு சொட்டு குடிக்கவில்லை.

நயினாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "நீராவா? இதப் பச்சப்புள்ளைக்கும் குடுக்கலாம் மாமி. சர்க்காரே விக்கிது. கேஸ் முடிஞ்சது, வாங்க காப்பி குடிக்கப் போவோம்."

அபயாம்பாள் நகரவில்லை. ஸ்டாலில் தொங்கிய மராத்தி போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். "வாங்கினதும் உடனே குடிக்கணும்னு போட்டிருக்கே, ஏன்?"

"வெயில் ஏறினா புளிச்சிரும் மாமி."

"புளிச்சா?"

"புளிச்சா கள்ளு."

"யாரும் ஒண்ணும் சேர்க்க வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா வச்சாப் போதும். அதுபாட்டுக்கு ஆயிரும்."

அபயாம்பாள் போர்டிலிருந்து கண்ணை எடுத்தாள். "அப்போ காலம்பற ஏழு மணிக்குச் சர்க்கார் விக்கற சரக்கு. சாயங்காலம் ஏழு மணிக்குச் சர்க்கார் பிடிக்கற சரக்கு. நடுவுல ஒருத்தனும் தப்புப் பண்ணலை."

"சூரியனைத்தான் உள்ள போடணும்," என்றான் நயினார்.

பட்டறை வாசலில் வாட்ச்மேன் பூதத்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நயினார் ஊர்ப் பக்கத்து ஆள்தான், நாங்குநேரிக்காரர். நயினார் போய் ஊர், தெரு, சொந்தம் எல்லாம் விசாரித்துவிட்டு மெதுவாக ஜன்னலைக் காட்டினான். தெற்கு ஜன்னல், முழு வெயில். திட்டில் அமிர்தநாதனின் இரண்டு பாட்டிலும் பக்கம் பக்கமாக நின்றன.

"அது என்ன அண்ணாச்சி, வெயில்ல காயப் போட்டிருக்கு?"

"நீரா. வயித்துச் சூட்டுக்குன்னு சொல்லுதான். ஆனா அவன் குடிச்சு நான் பாத்ததில்ல. சனிக்கிழமையானா கொண்டாந்து வெப்பான், சாயங்காலம் எடுத்துட்டுப் போவான். யாரையும் தொடவிட மாட்டான்."

"வாசனை ஏதும் வருமா?"

பூதத்தான் அவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இங்க கிரீஸ் வாசனை, டீசல் வாசனை, பழுத்த இரும்பு வாசனை. இதுக்குள்ள ஒருத்தன் செத்துக் கிடந்தாலே மூணா நாளுதான் தெரியும்."

நயினார் ஈரானி டீக்கடையில் காத்திருந்த அபயாம்பாளிடம் ஓடினான். "மாமி, அவன் வேணும்னே வெயில்ல வைக்கான். புளிக்க வைக்கான். பய கைதேர்ந்த ஆளு. பொண்ணு தப்பிச்சுது."

"பொண்ணு தப்பிச்சாளா மாட்டிண்டாளான்னு சாயங்காலம் சொல்றேன்," என்றாள் அபயாம்பாள். ஆனால் அவளுக்கும் முகம் வாடிவிட்டது. இந்த மாதிரி விசாரணையில் நல்ல சேதி கொண்டுபோகிற நாள் குறைவு.

ஐந்து மணிக்கு அமிர்தநாதன் பட்டறையை விட்டு வந்தான். பின்னாலேயே இவர்கள். செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கினான். மூன்றாம் வகுப்புக் கூட்டத்தில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே வந்தான். சயானிலிருந்து தாராவிக்குள் நடந்து, கோயிலுக்குப் பின்சந்தில் ஒரு தகரக் கதவைத் தட்டாமலே திறந்து உள்ளே போனான்.

"இது யார் வீடு?"

"லூசியம்மா வீடு மாமி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் கொட்டகையில ஆப்பம் சுட்டு விப்பாங்களே, அவங்க. புருசன் செத்து ஒம்போது வருஷம் ஆச்சு. நல்ல அம்மா. நான் வேதக்காரன் இல்லாட்டியும் வாராவாரம் எனக்குப் பத்து ஆப்பம் உண்டு." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். "இந்த அம்மாவா கள்ளு வாங்குது?"

கால் மணி நேரத்தில் அமிர்தநாதன் வெளியே வந்தான். பை காலி. வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். நயினார் எதையும் யோசிக்கவில்லை. நேரே போய் அவன்மேல் மோதி, மூஞ்சிக்கு மூஞ்சி நின்று, "அரே, பாத்துப் போங்க பாய்," என்றான். அமிர்தநாதன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

"என்ன வாசனை?" என்று அபயாம்பாள் கேட்டாள்.

"நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு."

"கள்ளு?"

"சத்தியமா இல்ல மாமி. அந்தக் குழம்புல கொஞ்சம் புளி தூக்கல். வேற குத்தம் சொல்ல முடியாது."

அபயாம்பாள் தகரக் கதவைத் தட்டினாள்.

லூசியம்மாள் நாற்பத்தைந்து வயசு தாண்டாதவள். ஒரு பெரிய மண்பானை முன்னால் உட்கார்ந்து மாவில் கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துருவின தேங்காய். இன்னொரு பக்கம் அந்த இரண்டு பாட்டில், ஒன்று காலி, ஒன்று பாதி. நயினாரைப் பார்த்ததும் சிரித்தாள். கூட வந்த மடிசார் இல்லாத ஐயர்வீட்டு அம்மாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மாமி, இது ஆப்பமாவு," என்றான் நயினார். "ஆப்பமாவுல கள்ளு ஊத்துறாங்க."

"ஊத்தாம எப்படிய்யா பொங்கும்?" என்றாள் லூசியம்மாள். "எங்க ஊர்ப் பக்கமெல்லாம் இதான். ரெண்டு பாட்டில் ஊத்தி ராத்திரி வச்சா, காலையில பானை நெறஞ்சு நிக்கும். சட்டியில ஊத்தினா ஓரம் சரிகை பிடிச்சாப்ல வரும். சோடா உப்புப் போட்டா அது ஆப்பமா? அமிர்தம்தான் ரெண்டு வருஷமா கொண்டாந்து தருவான். அதுக்கு முன்னால நானே செம்பூர் வரைக்கும் போவேன். முழங்கால் விட்டுப்போச்சு."

நயினார் ஏதோ கணக்குப் போட்டான். "அதான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்கு அப்படி ஒரு தூக்கம்."

"பத்து ஆப்பம் தின்னா எதுலயும் தூக்கம் வரும்," என்றாள் அபயாம்பாள். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பையன் குடிகாரனில்லை, ஓலை வாசிக்கலாம், ஏசுதாஸ் நிம்மதியாகத் தூங்கலாம். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நயினார் நினைத்தான். அவள் பையிலிருந்து கார்டை எடுத்தாள்.

"லூசியம்மா, இதைப் படிக்கறேன், கேளுங்கோ." படித்தாள். "இதுல ஒரு விசேஷம் இருக்கு. கள் கொண்டு போகிறான்னு எழுதியிருக்கு. குடிக்கிறான்னு எழுதலை. ஒருத்தன் கல்யாணத்தைக் கெடுக்கறதுக்காகக் கார்டு போடறவா ஏன் இவ்வளவு அளந்து எழுதணும்? குடிக்கிறான், உருள்றான், எல்லாத்தையும் எழுதலாமே, கை வலிக்கவா போறது? எழுதினவாளுக்குப் பொய் சொல்லப் பயம். மறுநாள் கோயிலுக்குப் போகணும்."

மாவு கலக்கிய கை நின்றுவிட்டது.

"ரெண்டாவது. ஸ்டால்ல பாத்தவாளுக்கு அது நீரா. பட்டறையில பாத்தவாளுக்கும் நீரா. ரயில்ல பாத்தவாளுக்கு வெறும் பை. அது கள்ளுன்னு தெரிஞ்சவா இந்த ஊர்ல ரெண்டே பேர். கொண்டு வரவன் ஒருத்தன். துணியைப் பிடுங்கிட்டுப் பானையில ஊத்தறவா ஒருத்தி. அவன் தனக்கே கார்டு போட்டுக்க மாட்டான்."

நயினார் லூசியம்மாளைப் பார்த்தான். இல்லை என்று சொல்லிவிடேன் என்று அவனுக்கு இருந்தது. அவள் சொல்லவில்லை. மாவுக் கையோடு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். நெற்றியெல்லாம் மாவு.

"கல்யாணம் ஆனா டோம்பிவிலிக்குப் போறான்," என்றாள். "வீடு பாத்தாச்சு. அங்கன இருந்து வேலைக்குப் போகவே நேரம் சரியாயிரும். இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான். இந்தச் சம்பந்தம் நின்னு போனா, இங்கனயே ஒரு பொம்பளப் பிள்ளையப் பாத்துக் கெட்டி வச்சிருவோம்னு நெனச்சேன்."

"நீரா வாங்கிட்டு வர ஆளா இல்ல?" என்றான் நயினார். "நான் வாங்கித் தர மாட்டனா?"

"நீ வாங்கிட்டு வந்திருவே. அவன் ரெண்டு வருஷமா தினமும் அந்தியில வந்து இந்தப் பலகையில உக்காந்து சோறு தின்னுட்டுப் போறவன். மாவு பொங்காதுன்னுதான் எழுதுதேன்னு நெனச்சு எழுதினேன். இப்ப நீங்க கேக்கும்போதுதான் தெரியுது, அதுக்காக எழுதல." "நானே வந்து ஏசுதாஸ் ஐயாட்டச் சொல்லுதேன்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள்.

ஏசுதாஸ் வீட்டுக்கு மூன்று பேரும் போய்ச் சேரும்போது மணி ஏழு. அவர் மேஜையில் உட்கார்ந்து நாளைக்குச் சொல்ல வேண்டிய ஆட்சேபணையை எழுதி அடித்து எழுதிக்கொண்டிருந்தார். அபயாம்பாள் நான்கு வரியில் சங்கதியைச் சொன்னாள். மீதியை லூசியம்மாள் நின்றுகொண்டே சொன்னாள். கார்டு எழுதினதையும் மறைக்கவில்லை.

கார்டு சமாச்சாரம் ஏசுதாஸ் காதில் ஏறின மாதிரியே தெரியவில்லை.

"கள்ளு ஊத்தின ஆப்பமா?"

"ஆமாய்யா."

"எத்தனை வருஷமா?"

"ஒம்போது."

"நான் வாரம் நாலு திங்கேன்."

"ஆறுய்யா," என்றாள் லூசியம்மாள். இந்த நேரத்திலும் அவளுக்குப் பொய் வரவில்லை.

நயினாருக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை, ஏனென்றால் அந்த மனுஷன் முகம் அப்படி இருந்தது.

"எங்க அப்பா பனையேறி," என்றார் ஏசுதாஸ். "எறக்கினதுல பாதி அவரே குடிச்சிருவாரு. குடிச்சிட்டு வந்து அடிச்ச அடியில எங்க அம்மைக்கு ஒரு காது போச்சு. நான் பன்னெண்டு வயசுல வேதபுஸ்தகத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணினவன். நாக்குல ஒரு சொட்டு வைக்க மாட்டேன்னு. கள்ளு வாசனையிலயே வளந்த நாக்கு இது. இதுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சிருக்கும். நான்தான் அதுகிட்டக் கேக்கல."

உள்ளறைக் கதவு திறந்தது. செல்வமேரி வந்து நின்றாள். முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், இருபத்திநாலு வயசு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அவர் நீரா வாங்குறது எனக்குத் தெரியும். எதுக்குன்னு கேட்டேன். ஆப்பத்துக்குன்னு சொன்னார். அவர் என்கிட்ட ஒரு பொய்யும் சொன்னதில்ல."

"உனக்குத் தெரியுமா?"

"ஆப்பத்துல கள்ளு போடுறது கோயில்ல எல்லாருக்கும் தெரியும்ப்பா."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும். உங்களுக்குத்தான் யாரும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

செல்வமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க அவ்வளவு ஆசையாச் சாப்பிடுவீங்க."

ஏசுதாஸ் எழுதின தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். லூசியம்மாள்தான் கடைசியில் வாய் திறந்தாள். "நாளைக்கு அடுப்புப் பத்த வைக்கவாய்யா, வேண்டாமா?"

"கரைச்ச மாவக் கீழயா கொட்டுவே? பத்த வை." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு எடுத்து வைக்காண்டாம்."

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

படி இறங்கும்போது நயினார் சொன்னான், "கள்ளுன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேருன்னீங்க மாமி. கோயில்ல முந்நூறு பேர் வருவாங்க."

"கார்டு போட்டது யார்னு நான் சொன்னது சரியா, தப்பா?"

"சரிதான்."

"அப்போ பேசாம வா."

மறுநாள் காலை அபயாம்பாளும் நயினாரும் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை முடிந்துவிட்டது, வரவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பேரும் காரணம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆண்கள் பக்கம் அமிர்தநாதன் வெள்ளைச் சட்டையில் இருந்தான். ராத்திரியே லூசியம்மாள் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது, அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பெண்கள் பக்கம் செல்வமேரி குனிந்த தலை நிமிரவில்லை. ஏசுதாஸ் முதல் வரிசையில்.

பாட்டு முடிந்தது. குருவானவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூன்றாம் ஓலையை வாசித்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது சொல்லலாம்," என்று வழக்கப்படி முடித்துவிட்டு அடுத்த தாளைத் திருப்பப் போனார்.

ஏசுதாஸ் எழுந்து நின்றார்.

செல்வமேரி தலையைத் தூக்கினாள். அபயாம்பாள் நயினாரின் கையை இறுகப் பிடித்தாள், அவள் இதுவரை அப்படிச் செய்ததில்லை.

"எனக்கு ஆட்சேபணை இல்ல ஐயா," என்றார் ஏசுதாஸ்.

குருவானவருக்கு ஒன்றும் ஓடவில்லை. முப்பது வருஷத்தில் யாரும் இதைச் சொல்வதற்காக எழுந்ததில்லை. "ஆட்சேபணை இருக்கிறவங்களத்தானே ஏசுதாஸ் எந்திரிக்கச் சொன்னேன்?"

"தெரியும் ஐயா. நேத்துவரைக்கும் இருந்தது. நேத்தோட போச்சு. அதையும் எல்லாரும் கேக்க ஒருத்தன் சொல்லணும்லா."

சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பி, அமிர்தநாதனைப் பார்த்து, பக்கத்தில் வந்து உட்காரும்படி கையைக் காட்டினார். அமிர்தநாதன் எழுந்து முதல் வரிசைக்குப் போனான்.